மது, மாத்திரைப் போதை ஆய்வில் சேரலாமா? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஓ.பி. சீட்டோடு மனநலப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஓர் இளம் டாக்டரோ களப்பணியாளரோ வந்து, “ஒரு ஸ்டடி நடக்குது, கலந்துக்க விருப்பமா?” என்று கேட்கிறார். நம் பக்கத்தில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான். “எலிக்குப் பதிலா எங்கள புடிக்கிறீங்களா சார்?” என்பார் ஒருவர். “எவ்ளோ தருவாங்க?” என்பார் இன்னொருவர். இரண்டுமே நியாயமான கேள்விகள், இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “நான் சேரலைன்னா என் வைத்தியம் என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது, அது பாட்டுக்கு நடக்கும்” என்ற பதில் தெளிவாக வராத இடத்தில் சேராதீர்கள். அரசு மருத்துவமனையில் வைத்தியம் உங்கள் உரிமை. ஆய்வில் சேர்வது நீங்கள் செய்யும் உதவி. இந்த இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

குடிப்பவர், வலி மாத்திரையையோ பிரவுன் சுகரையோ விட முடியாமல் இருப்பவர், விட்டு மீண்டவர், அவர்கள் வீட்டார், இதையெல்லாம் தொட்டே பார்க்காதவர் என எல்லோருக்குமே இந்த ஆய்வுகளில் இடம் உண்டு.

இதற்கு ஏன் ஆள் தேடுகிறார்கள்?

டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எடுத்த கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்றும், 5.7 கோடிப் பேர் அதனால் உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார்கள் என்றும் அது சொன்னது. அபின், ஹெராயின், வலி மாத்திரை வகையான ஓபியாய்டுகளால் அப்படி உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருந்தார்.

மீதி 37 பேரை எப்படி எட்டுவது என்பதற்கு ஆய்வுதான் வழி காட்ட வேண்டும். கோவாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், உடம்பைக் கெடுக்கும் அளவுக்குக் குடித்துவந்த 377 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், டாக்டரோ உளவியலாளரோ இல்லை, ஒரு பகுதியினரிடம் சில அமர்வுகள் உட்கார்ந்து பேசினார்கள். 3 மாதம் கழித்துப் பார்த்தால், பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் அந்த ஆபத்தான நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம். 2017இல் வெளியான இந்த முடிவு, போதை வைத்தியத்துக்குப் பெரிய டாக்டர் மட்டும்தான் வேண்டும் என்ற எண்ணத்தை அசைத்தது. அந்த 377 பேர் ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நம் ஊருக்கும் இதில் பழைய பெருமை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட வைத்தாலும் குணமாகும் என்று காட்டியது. சென்னையின் ஏழை நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு அது. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் அதற்குப் பிறகு மாறியது. போதை ஊசி போடுபவர்களிடையே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க 2005இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, வருடக்கணக்கில் தொடர்ந்து வந்தார்கள்.

படி 1: இன்றைக்கு உங்களுக்கு வேண்டியது ஆய்வா, வைத்தியமா?

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால் நீங்கள் முதலில் போக வேண்டியது ஆய்வுக்கு அல்ல, டாக்டரிடம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராஜீவ் காந்தி மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எங்கு வேண்டுமானாலும் போகலாம். தமிழ்நாடு அரசு 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். மனநல உதவிக்கு 14416.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். “ஸ்டடிக்குப் போறோம், கிளீனா போவோம்” என்று நினைத்து, தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் குழம்பிப்போய், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் படபடப்பும் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் வரலாம். “பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு”, “யாரோ கூப்புடுறாங்க” என்று சொல்ல ஆரம்பித்தால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். நிறுத்துவதை மருந்தின் துணையோடு, டாக்டரின் பார்வையில் செய்ய வேண்டும்.

ஓபியாய்டில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நிறுத்தும்போது உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, மூக்கில் கண்ணில் தண்ணீர், தூக்கமின்மை என்று ஆளை வதைத்துவிடும். ஆனால் மற்றபடி உடல்நலத்தோடு இருப்பவருக்கு அதனால் உயிர் போவது அரிது. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும். ஆய்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறையிலிருந்தோ மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ வெளியே வருபவர் வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: என்ன வகை ஆய்வு என்று கேளுங்கள்

எல்லா ஆய்வும் மருந்துச் சோதனை இல்லை. பெரும்பாலானவை வெறும் கேள்வி பதில்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவீர்கள், முடிந்தது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் பட்டத்துக்காகச் செய்யும் ஆய்வுகள் பலவும் இந்த ரகம். சிலவற்றில் 6 மாதம், ஒரு வருடம் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். சிலவற்றில் ரத்தம், சிறுநீர் எடுப்பார்கள் அல்லது மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்வார்கள். ஸ்கேன் என்றால், உடம்பில் பிளேட், ஸ்க்ரூ, பேஸ்மேக்கர், கண்ணில் இரும்புத் துகள் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேத், வெல்டிங் வேலை பார்த்தவர்கள் கேட்காமலேயே இதைச் சொல்ல வேண்டும்.

குடும்பத்தையே சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளும் உண்டு. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறையாகக் குடி தொடரும் வீடுகளில் பரம்பரையின் பங்கு என்ன என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போன்ற இடங்களில் ஆராய்கிறார்கள். இதில் குடிக்காத தங்கையின் ரத்தமும் குடிக்கும் அண்ணனின் ரத்தத்துக்குச் சமமாக முக்கியம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் ஆய்வு இல்லை. குடிக்காதவர்கள் “எனக்கென்ன வேலை அங்க?” என்று நினைப்பதால்தான் பல ஆய்வுகள் இழுத்துக்கொண்டே போகின்றன.

மருந்துச் சோதனைக்கு வருவோம். மதுவுக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிரம், பாக்லோஃபென் போன்றவையும், ஓபியாய்டுக்குப் ப்யூப்ரெனார்பின், மெதடோன், நால்ட்ரெக்சோன் போன்றவையும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ஆய்வு பெரும்பாலும் இவற்றில் எது யாருக்குப் பொருந்தும், எவ்வளவு நாள் கொடுக்கலாம் என்று பார்க்கும். எப்போதாவதுதான் புத்தம் புதிய மருந்து வரும். “இந்த மருந்து ஏற்கெனவே விற்பனையில் இருக்கா, இல்ல இப்பதான் மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறீங்களா?” என்று கேட்பது உங்கள் உரிமை. எலிக் கேள்விக்கும் இங்கேதான் பதில்: எலிக்குத் தகவல் சொல்ல மாட்டார்கள், அதனால் மறுக்கவும் முடியாது. உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், நீங்கள் மறுக்கலாம்.

யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான் முடிவு செய்வார்கள். உங்களுக்கு நிஜ மருந்து வரலாம், அதே நிறத்தில் டம்மி மாத்திரையும் வரலாம். உங்களுக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் பல நேரம் தெரியாது. இது ஏமாற்று வேலை இல்லை. ஆனால், “டம்மி வந்தா எனக்கு வேற என்ன வைத்தியம் கிடைக்கும்?” என்று கட்டாயம் கேட்க வேண்டும். தெரிந்த நல்ல சிகிச்சை இருக்கும்போது அதை மறுத்துவிட்டு டம்மி மட்டும் கொடுத்து, அதனால் உங்களுக்குப் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் சொல்கின்றன.

படி 3: ஆய்வைத் தேடுவதும் நிஜமா என்று பார்ப்பதும்

மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவில் நேரடியாகக் கேட்பதுதான் எளிய வழி. கல்லீரல் பிரிவிலும் கேட்கலாம். குடியால் ஈரல் கெட்டவர்களைப் பற்றிய ஆய்வுகள் அங்கே நடக்கும். அடையாறில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை போன்ற பழைய போதைமீட்பு நிறுவனங்களிலும் விசாரிக்கலாம்.

வீட்டிலிருந்தே பார்க்க, இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2007இல் தொடங்கியது, 2009லிருந்து மருந்துச் சோதனைகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கல்லூரிக்குப் போகும் மகளையோ தம்பியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் டிபென்டன்ஸ், ஓபியாய்டு டிபென்டன்ஸ் என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஆள் சேர்ப்பு இன்னும் நடக்கிறதா, ஊர் சென்னையா, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டதா, யாரைச் சேர்ப்பார்கள் யாரைச் சேர்க்க மாட்டார்கள். மாணவர் ஆய்வா என்பதும் அதில் இருக்கும்.

உங்களை யாராவது நேரில் அழைத்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேள்வி பதில் ஆய்வுக்கு அது இல்லாமல் போகலாம். மருந்து ஆய்வுக்கு இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் எந்த ஆய்வுக்கும் வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கான குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அதில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவரும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும், பெண் ஒருவரும் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்.

கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்று. நம் பக்கத்தில் போதை மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் ஆளைப் பூட்டி வைக்கும் இடங்களும் இருக்கின்றன, “ரிசர்ச் மருந்து, கேரண்டியா விட்டுடுவாரு” என்று பணம் பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் காசு கேட்டாலே அது ஆய்வில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குணமாகும் என்று கேரண்டி கொடுத்தாலும் அப்படியே. முடிவு தெரிந்துவிட்டால் எதற்கு ஆய்வு?

படி 4: முதல் பேச்சில் உள்ளதைச் சொல்லுங்கள்

தகுதி பார்ப்பதற்காக முதலில் நிறையக் கேள்விகள் கேட்பார்கள். மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட படிவம் மிகப் பிரபலம். மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடி ஆபத்தான பக்கம் போகிறது என்று பொருள். இதில் அதிக மார்க் எடுத்தால் பெருமை இல்லை, குறைத்துச் சொன்னாலும் பலனில்லை.

“எத்தனை டிரிங்க்?” என்று படிவத்தில் இருக்கும். நம் ஆட்கள் கணக்கே வேறு: கட்டிங், குவாட்டர், ஆஃப். 10 கிராம் ஆல்கஹாலை ஒரு டிரிங்க் என்று எடுத்துக்கொண்டால், 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 180 மில்லி குவாட்டரில் சுமார் 61 கிராம் இருக்கிறது, அதாவது 6 டிரிங்க். கட்டிங் என்றால் அதில் பாதி, 3. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் 4 டிரிங்க். “ஒரு குவாட்டர்தான் சார், ஒரே ஒரு டிரிங்க்” என்று சொன்னால் உங்கள் கணக்கு ஆறில் ஒரு பங்காகப் பதிவாகிவிடும். குவாட்டர் கணக்கிலேயே சொல்லுங்கள், மாற்றி எழுதிக்கொள்வது அவர்கள் வேலை.

காலண்டரை எதிரே வைத்துக் கடந்த ஒன்று இரண்டு மாதத்தை நாள்வாரியாக நினைவுபடுத்தவும் சொல்வார்கள். நினைவில் வராவிட்டால் தெருவின் நாட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள்: சம்பள நாள், ஆடி மாதக் கூழ் ஊற்றிய ஞாயிறு, கடை மூடியிருந்த நாள், சாவு வீடு, கல்யாண வீடு. காசிமேட்டுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நல்ல அடையாளம். தொழில் இருக்கும் மாதமும் இல்லாத மாதமும் குடியில் ஒரே மாதிரி இருப்பதில்லை. கேட்பவர் வேறு ஊர்க்காரராக இருந்தால் அது அவருக்குத் தெரியாது, நீங்களே சொல்லிவிடுங்கள்.

எதை மறைத்தாலும் பரவாயில்லை, எடுக்கும் மாத்திரையை மட்டும் மறைக்கவே கூடாது. குடிக்காக நால்ட்ரெக்சோன் ஆய்வில் சேரும் ஒருவர், பக்கத்தில் ட்ரமடால், டேபென்டடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரை போடுவதைச் சொல்லாமல் விட்டால், ஓபியாய்டை நிறுத்தும்போது வரும் வதையெல்லாம் முதல் மாத்திரையிலேயே ஒரே அடியாக வந்து ஆளைப் புரட்டிவிடும். அந்த மருந்தைத் தொடங்கும் முன் 7 முதல் 10 நாளாவது ஓபியாய்டு உடம்பில் இருக்கக் கூடாது. சர்க்கரை, பிரஷர், காசநோய், வலிப்பு மருந்துகளின் அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வீட்டில் இருக்கும் அக்கா, அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. குடியை நிறுத்த வைக்கிறேன் என்று குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பவுடர் கலந்து கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது டைசல்ஃபிரமாக இருந்தால், மேலே சரக்கு போனதும் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று விபரீதமாகலாம். உங்கள் வேதனை புரிகிறது, ஆனாலும் அதை நிறுத்துங்கள். ஆய்வில் சேரப் போகிறார் என்றால் டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.

சேர்க்கவில்லை என்றால் கோபப்பட வேண்டாம். ஈரல் மோசமாக இருப்பது, கர்ப்பம், வலிப்பு வரலாறு இவையெல்லாம் உங்களைக் காப்பாற்ற வைத்திருக்கும் வேலிகள்.

படி 5: ஒப்புதல் படிவம்

அவசரமே இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. போதையிலோ, நடுக்கத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நிலையில் வாங்க வந்தால் “நாளைக்கு வரேன்” என்று சொல்லிவிடலாம். படிவம் தமிழில் இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வர அனுமதிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து எல்லாம் படித்துக் காட்டப்படுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சில புதிய மருந்துச் சோதனைகளில் ஒப்புதல் வாங்குவதையே வீடியோ எடுப்பார்கள். அது உங்களைப் படம்பிடித்து மாட்டிவிட இல்லை. உங்களுக்கு எல்லாம் விளக்கிச் சொன்னார்கள் என்பதற்கான சான்று.

கேட்க வேண்டியவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை முறை வர வேண்டும்? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம்? எவ்வளவு ரத்தம்? அந்த ரத்தத்தைப் பிறகு வேறு ஆய்வுக்கும் வைத்துக்கொள்வீர்களா? பக்க விளைவு என்ன? லாரி ஓட்டுகிறேன், கிரேன் ஏறுகிறேன், இந்த மாத்திரை தூக்கம் வரவைக்குமா? பாக்லோஃபென் போன்ற மருந்து வரவைக்கும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நால்ட்ரெக்சோன் என்றால், அடிபட்டு ஆபரேஷன் செய்ய நேரும்போது வழக்கமான ஓபியாய்டு வலி ஊசி வேலை செய்யாது. அதனால் மருந்தின் பெயர் எழுதிய அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு உங்களுடையது மட்டும்தான். மனைவி அழுகிறாள் என்றோ, ஏரியா அண்ணன் சொன்னார் என்றோ, முதலாளி கூட்டிவந்தார் என்றோ கையெழுத்து போட வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். மருந்து ஆய்வில் மட்டும் சட்டென்று நிறுத்தாமல், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று கேட்டுவிட்டு விலகுங்கள்.

படி 6: போலீஸ், வீடு, பக்கத்து வீடு

“மாத்திரை போடுறேன்னு சொன்னா ஸ்டேஷனுக்குப் போயிடுமா?” என்ற பயம் நியாயமானது. போதைப்பொருள் பயன்படுத்துவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம். கவனியுங்கள், இந்த விலக்கு சிகிச்சைக்கு. ஆய்வில் பேர் இருப்பதற்கு அல்ல.

சிகிச்சைத் தகவலை வெளியே சொல்லக் கூடாது என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆய்விலும் உங்கள் பெயருக்குப் பதில் ஓர் எண்தான் தாளில் இருக்க வேண்டும். இருந்தாலும் நீதிமன்றம் உத்தரவிட்டால் தகவல் தர வேண்டி வரலாம். அதனால் யாரிடம் வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்பதெல்லாம் ஆய்வுக்குத் தேவையில்லை. கேட்டால் பதில் சொல்லவும் வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள், எந்த வழியில் என்பது போதும்.

நம் பக்கத்தில் போலீஸை விடப் பெரிய தொல்லை சுவர் ஒட்டிய வீடுகள்தான். போன் வந்தால் யார் எடுப்பார்கள், என்ன பெயர் சொல்லிப் பேச வேண்டும், வீட்டுக்கு வரலாமா கூடாதா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். “ஆஸ்பத்திரியிலிருந்து” என்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். குடிக்கும் பெண்கள் ஆய்வுகளுக்கு வரத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் தெருவின் பேச்சுதான். பெண் களப்பணியாளரைத்தான் பார்ப்பேன் என்று கேட்பதில் தவறே இல்லை.

படி 7: பணம்

பஸ், மெட்ரோ, ஆட்டோ செலவு, அன்றைய கூலி நஷ்டம், சாப்பாடு, இவற்றைத் திருப்பித் தரலாம். எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்தை மறக்கடிக்கும் அளவுக்குப் பெரிய தொகை தரக் கூடாது என்பதும் விதிமுறை. அதனால் இதை வருமானமாக நினைக்க வேண்டாம். ஆனால் கைக்காசு போடவும் வேண்டாம். ஆய்வுக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதற்கும் நீங்கள் பணம் கட்டக் கூடாது.

பணம் கையில் வருமா, வங்கிக் கணக்கிலா என்று கேளுங்கள். கணக்கில் வந்தால் அனுப்புபவர் பெயரோடு மெசேஜ் வரும், அது யார் கையில் இருக்கும் போன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கையில் காசு வந்தால் நேராகக் கடைக்குப் போய்விடுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். அதையும் களப்பணியாளரிடம் வெளிப்படையாகப் பேசலாம். பயணச் சீட்டாகவோ பொருளாகவோ தர வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

படி 8: ஆய்வு நடக்கும் மாதங்கள்

தேதிகளை உங்கள் தொழிலுக்கு ஏற்ப முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போனால் இத்தனை நாள் வர மாட்டேன், ஷிப்ட் இந்த வாரம் இரவு என்று சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து கீழ்ப்பாக்கம் போக மெட்ரோவில் சென்ட்ரலில் மாறினால் போதும். போகும் அன்று குடித்திருந்தாலும் மறைக்காதீர்கள், ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். வண்டி மட்டும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

மிக முக்கியமானது இது: மறுபடி குடித்துவிட்டால், மறுபடி ஊசி போட்டுவிட்டால், அன்றைக்குத்தான் கட்டாயம் போக வேண்டும். “எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது” என்று நின்றுவிடுகிறார்கள். நன்றாக இருப்பவர்கள் மட்டும் வந்தால் அந்த மருந்து பிரமாதம் என்று முடிவாகிவிடும். வேலை செய்யாத மருந்து இன்னும் ஆயிரம் பேருக்குப் போகும். நீங்கள் தவறியதும் ஆய்வுக்கு ஒரு பதில்தான். ஒழுங்கான ஆய்வாளர் யாரும் அதற்காகத் திட்ட மாட்டார்.

உடம்புக்கு ஏதாவது செய்தால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு ஆய்வாளருக்குப் போன். ஆஸ்பத்திரியில் ஆய்வில் இருப்பதைச் சொல்லுங்கள், மருந்து அட்டையைக் காட்டுங்கள். மருந்துச் சோதனையில் கடுமையான பாதிப்பு வந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். அந்தப் பாதிப்புக்கான வைத்தியத்தை ஆய்வை நடத்துபவர்கள் இலவசமாகப் பார்க்க வேண்டும். ஆய்வினால் வந்தது என்று முடிவானால் இழப்பீடும் உண்டு. ஓபியாய்டு எடுக்கும் ஒருவர் எழுப்பினாலும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு மெல்ல இழுத்தால் 108ஐ அழைத்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தில் கொடுத்தால் ஆள் எழுந்துவிடுவார்.

படி 9: முடிந்த பிறகு

மாத்திரை எனக்கு நன்றாக வேலை செய்தது, ஆய்வு முடிந்ததும் யார் தருவார்கள்? இதைக் கடைசி நாளில் கேட்டால் தாமதம், ஒப்புதல் நாளிலேயே கேட்க வேண்டும். பழைய மருந்து என்றால் அரசு மருத்துவமனையிலேயே தொடர எழுதித் தரச் சொல்லலாம். ஈரல் பரிசோதனை, மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. முடிவுகளின் நகலை வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்தால் காசு. டம்மியா நிஜமா எது சாப்பிட்டீர்கள் என்பதையும், ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் ஆள் இருந்தால்தான் சொல்லும் பழக்கம் வரும்.

புகார் இருந்தால், ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நெறிமுறைக் குழுச் செயலரின் தொலைபேசி எண் இருக்கும். படிவத்தின் நகலைத் தொலைக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். ஆய்வாளரைத் தாண்டி நேரடியாக அங்கே பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். மருந்துச் சோதனை என்றால் அதற்கு மேலே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. அதன் தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே, ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்தில் உள்ளது. புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வைத்த நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.